கலைப்புலத்துக்கு ஒரு குத்துக்கால்

மானூர்க்காரர்களுக்கு எதிர்க்கட்சி என்றால் ஆகாது. இன்றைய மானூரைச் சொல்லவில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய மானூரைச் சொல்கிறேன். தச்சநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டைப் பிடித்து வடமேற்கே போனால் வந்துவிடும். கி.பி. 800 வாக்கில், மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலத்தில், ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். நிலத்தில் பங்கு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நடத்தை நன்றாக இருக்க வேண்டும். கால் உறுப்பினர், அரை உறுப்பினர், முக்கால் உறுப்பினர் எல்லாம் கிடையாது, வந்தால் முழுசாக வா. இதெல்லாம் கிடக்கட்டும். கூடவே ஒரு விதி வைத்தார்கள் பாருங்கள்: சபையில் எதை எடுத்தாலும் 'கூடாது, கூடாது' என்று குத்துக்கால் போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம். அவனுக்குத் துணை நின்றவனுக்கும் ஐந்து காசு.

யாரோ ஒருத்தன் படுத்தின பாடு தாங்காமல்தான் இப்படி ஒரு சட்டம் வரும். சும்மா உட்கார்ந்திருக்கிற சபைக்கு இந்த யோசனை தோன்றாது. அவன் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. கல்லில் பெயர் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே கிடையாது: கணக்குப் படித்தவன் இப்படிச் செய்ய மாட்டான். அவன் கலைப்புலம்.

இந்த மானூர்க் கல், உத்திரமேரூர்க் கல்லுக்கு நூறு வருஷம் மூத்தது. ஆனாலும் பாடப்புத்தகத்தில் உத்திரமேரூர், பட்டிமன்றத்தில் உத்திரமேரூர், பிரதமர் பேச்சில் உத்திரமேரூர். சென்னைக்குப் பக்கத்தில் இருந்தால் கல்லுக்குக்கூட மவுசு. சரி, அங்கேதான் என்ன நடந்தது? பராந்தக சோழன் காலத்தில் 919-ல் குடவோலைக்கு விதி எழுதினார்கள்: சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவன் கூடாது, பதவி முடிந்து இறங்கினவர்களின் நெருங்கிய சொந்தபந்தமும் கூடாது, வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டே வருஷத்தில், 921-ல், அதைத் திருத்தினார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆகிவிட்டது. யாரோ பெரியவருக்கு 60 நெருங்கியிருக்கிறது. அவருக்கு ஆகாத மருமகனுக்கு 32 நடந்திருக்கிறது. வேறு எப்படி இதை விளக்குவது?

இதில் சின்னப் பையன்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: குடத்துக்குள் கையை விட்டு ஓலையை எடுத்துக் கொடுப்பது. இளைஞர் பிரதிநிதித்துவம் தமிழ்நாட்டில் அப்படித்தான் தொடங்கியது.

பிற்பாடு எங்கள் பக்கத்துக்கு ஒரு இலக்கிய அரசியல்வாதி கிடைத்தான். பெயர் குடிலன். சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில் மந்திரி. அந்தக் காலத்து அப்பாவிப் பாண்டியன் ஜீவகன், இவன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து கோட்டை கட்டுகிறான். பிறகு இளவரசிக்குச் சேர நாட்டில் மாப்பிள்ளை பேசத் தன் மகனையே தூதாக அனுப்பி வைக்கிறான் குடிலன். சம்பந்தம் கெட்டால் தன் மகனையே மாப்பிள்ளையாக்கிவிடலாமே! சுந்தர முனிவர் மட்டும் ஒரு அறையை வாங்கிக்கொண்டு உள்ளே ரகசியமாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார். கல்லூரித் தேர்தலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மூன்று பேரையும் நேரில் தெரியும்: வேட்பாளர், அவனுக்கு யோசனை சொல்கிறவன், 'எனக்கு இதிலெல்லாம் இஷ்டம் இல்லை' என்று சொல்லிவிட்டு ஹாஸ்டல் ரூமைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறவன். 1990-ல் திருநெல்வேலிக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தபோது அதற்கு இந்த நாடகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

அதற்கு முன்பு நாங்கள் மதுரைக்குக் கீழே. அதில் ஒரு கூத்து உண்டு. 1965 மொழிப் போராட்டத்தில் முன்னால் ஓடியவர்கள் மாணவர்கள்; கட்சிகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தன. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரை எதிர்த்து, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரைத் தி.மு.க. நிறுத்தியது. காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். பிரதமர்களை உட்கார வைத்த மனிதரை, நேற்றுவரை கல்லூரி வாசலில் கோஷம் போட்ட ஒரு பையன் தோற்கடித்துவிட்டான். 1978-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குக் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். ஆக, தோற்றவர் பெயர் எங்கள் மார்க் ஷீட்டின் தலையில் இருந்தது. ஜெயித்தவர் பெயர் குரூப் ஃபோர் கேள்வித்தாளில் எப்போதாவது வரும், அதுவும் நாலு விடைகளில் ஒன்றாக.

ஆனால் அன்று கோட்டையில் இருந்தவர்கள், இருக்கப்போகிறவர்கள் எல்லாருமே ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. மாணவன் ஊர்வலம் போகலாம், தட்டி தூக்கலாம், மாநாட்டில் சோடா எடுத்துக் கொடுக்கலாம். தேர்தலில் நிற்கப் பழகிவிட்டால் ஆபத்து. பாளையங்கோட்டையில் லூர்துநாதன் சிலை நிற்கிறது. 1972 மாணவர் போராட்டத்தின்போது உயிரை விட்ட பையன். அந்தச் சிலையைத் தாண்டிப் போகும்போது மட்டும் இந்த மாதிரி எழுதுகிற எனக்கே கொஞ்சம் கூசும்.

நான் கல்லூரித் தேர்தலில் நின்றது 1980-களின் நடுவில். கல்லூரியின் பெயர் வேண்டாம். அப்போது இருந்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். தலைமைப் பதவி 'சேர்மன்'. அதற்குக் கொடி, கோஷம், பட்டாசு, மண்டை உடைதல் எல்லாம் உண்டு. அடுத்தது செயலாளர். அதற்கெல்லாம் கீழே, அறிவிப்புப் பலகையில் கடைசி வரியில், 'கலைப்புல மாணவர் பிரதிநிதி'. வாய்ச்சொல்லில் 'ஆர்ட்ஸ் ரெப்'. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் ஆகிய நாலு துறைக்கும் சேர்த்து ஒரு ஆள். சேர்மன் பதவி எப்போதும் சயன்ஸ்காரர்களுக்குத்தான் போகும். அவர்களுக்கு மதியம் லேப் உண்டு, அதனால் கல்லூரியில் இருப்பார்கள், ஓட்டுக் கேட்க வசதி. எங்களுக்கு லேப் கிடையாது. ரத்னா தியேட்டர் உண்டு.

தச்சநல்லூர் அப்போது தனிப் பேரூராட்சி. ஜங்ஷனுக்கு இந்தாண்டை நடக்கிற தூரம்தான். ஆனால் டவுன்காரன் எங்களைப் பட்டிக்காட்டான் என்பான், பாளையங்கோட்டைக்காரன் அதைக்கூடச் சொல்ல மாட்டான், இங்கிலீஷில் சிரிப்பான். 1994-ல் மாநகராட்சி வந்தபோது திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று மூன்று நகராட்சிகளோடு பேரூராட்சியாக உள்ளே நுழைந்து, நாலில் ஒரு மண்டலமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டோம். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே என் தேர்தல் வியூகம் அதுதான். பெரிய ஆட்கள் அடித்துக்கொள்கிற இடத்தில் ஓரத்து நாற்காலி ஒன்று காலியாக இருக்கும்.

நாட்டில் அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. அது 18 ஆனது 1989-ல். ஆகவே எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிற புத்தி இன்னும் வரவில்லை என்பது அரசியல் சட்டத்தின் கருத்து. கல்லூரியில் மட்டும் புத்தி வந்துவிட்டதாக ஏற்பாடு.

மனுத் தாக்கல் செய்த அன்று இராத்திரி ஆச்சி கேட்டாள்.

"என்னலே, எலெக்சன்ல நிக்கியாமே?"

"ஆமா ஆச்சி."

"எந்தக் கச்சி?"

"கட்சி கிடையாது ஆச்சி. இது காலேஜ்ல."

"கச்சி இல்லன்னா செலவு யாரு செய்வா?"

"நாந்தான்."

"செயிச்சா என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "ஒண்ணும் கெடைக்காததுக்குச் செலவழிச்சி நிக்கவன எவம்லே நம்புவான்?" என்றாள்.

தேர்தல் அறிவியல் என்று தனியாகப் படிப்பு வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்து நின்றவன் பொருளாதாரம். பெயர் சொல்லவில்லை, துறையைச் சொல்லியே போகிறேன். சிவப்பு யெஸ்டி பைக் வைத்திருந்தான். அது மூன்று தெரு தள்ளி வரும்போதே முதலாம் ஆண்டுப் பையன்கள் எழுந்து நிற்பார்கள். எனக்கு டவுன் பஸ் பாஸ். அவனிடம் இன்னொன்றும் இருந்தது, ஒரு நாற்பது பக்க நோட்டு. வகுப்பு வாரியாகப் பெயர், ஊர், தெரு. திருநெல்வேலி ஜில்லாவில் தெருப்பெயர் தெரிந்தால் போதும், மிச்சத்தை எவனும் தானாக எழுதிக்கொள்வான். 1931-க்குப் பிறகு சர்க்கார் சாதிக் கணக்கு எடுக்கவே இல்லை என்று வரலாற்று வாத்தியார் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். கடைசிப் பெஞ்சில் அந்த நோட்டு கைமாறிக்கொண்டிருக்கும். என் பக்கத்திலும் அப்படி ஒரு நோட்டு போட்டார்கள். போடாத அணி எதுவும் அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியாது. இரண்டு நோட்டிலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சமமாக வந்தது. அதனால் வேறு வழியில்லாமல் கொள்கையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் அல்வாவை வைத்து ஒரு ஜோக் வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். வராது.

போஸ்டர் அடிக்கக் காசில்லை. பழைய நியூஸ் பேப்பரை ஒட்டுச் சேர்த்து, அதன் மேல் சாயப்பொடியைக் கரைத்து எழுதினோம். தமிழ்த்துறைக்காரர்கள் எழுதியதால் எதுகை மோனைக்குக் குறைவில்லை, என் பெயருக்குத்தான் இடம் போதவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து மைதா வாங்கிப் பசை காய்ச்சி, இராத்திரியோடு இராத்திரியாக மதிலில் ஒட்டினோம். மைதாப் பசையின் ருசி மாட்டுக்குத் தெரியும். விடிந்து பார்த்தால் எட்டுகிற உயரம் வரைக்கும் நான் இல்லை. மதிலின் மேல்வரிசையில் 'வாக்களிப்பீர்' மட்டும் நின்றது. யாருக்கு என்பதை மாடு தின்றுவிட்டது. பொருளாதாரம் அச்சகத்தில் கொடுத்து அடித்த போஸ்டர் வழவழப்பான தாள். மாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த வருஷத்தில் பொருளாதாரத்தின் கொள்கையை ஆராய்ந்து நிராகரித்த ஒரே வாக்காளர் அது.

வேட்பாளர் கூட்டம் மதியம் ஹாலில் நடந்தது. ஆர்ட்ஸ் மாணவர்கள் மதியத்தில் அத்தனை பேர் கல்லூரிக்குள் இருந்தது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பொருளாதாரம் முதலில் பேசினான். கொடைக்கானல் டூர் என்றான், கைதட்டல். இரண்டு நாள் என்றான், விசில். அடுத்து நான். என்ன பேசுவதென்று யோசித்து வைத்ததெல்லாம் மைக் முன்னால் போனதும் போய்விட்டது. எதிரே கேன்டீன் ஜன்னல் தெரிந்தது.

"நான் ஜெயிச்சா கேன்டீன் உளுந்தவடையில் ஓட்டையைச் சின்னதாக்குவேன்" என்றேன்.

ஹாலே எழுந்துவிட்டது. அந்த வடையில் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் வடை இருக்கும், அவ்வளவுதான். கைதட்டல் அடங்கியதும் வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஓட்டை சின்னதான பிறகு வடை அதே அளவு இருக்குமா, வடையும் சேர்ந்து சின்னதாகுமா? வேட்பாளர் தெளிவுபடுத்தணும்" என்றான். இதைத்தான் சொல்கிறேன், மானூர் ரத்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வாசலிலிருந்து கேன்டீன் அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டார். கையில் ஜல்லிக்கரண்டி. "தம்பி, ஓட்டைய ஏன் போடுதோம் தெரியுமா? அது இல்லன்னா நடுவுல வேகாது. பச்ச மாவத்தான் திங்கணும். தின்னுட்டு வயித்தால போனா அதுக்கும் ஒரு எலெக்சன் வைப்பியளோ?"

"கக்கூஸுக்குத்தான் கதவே இல்லயே அண்ணாச்சி!" என்று எவனோ கத்தினான்.

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றுவிட்டது. ஏனென்றால் அது நிஜம். கலைப்புலக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததற்கு அடையாளமாகக் கீல் மட்டும் இருந்தது. உள்ளே போகிறவன் பாட்டுப் பாட வேண்டும்; பாட்டு நின்றால் காலி என்று அர்த்தம். இளையராஜா எங்கள் கல்லூரிக்குச் செய்த சேவையை இதுவரை யாரும் எழுதவில்லை.

"கதவு என் பொறுப்பு" என்றேன்.

கொடைக்கானல் அந்த நிமிஷத்தில் தோற்றது.

எண்ணிக்கை நடந்தபோது செல்லாத ஓட்டில் ரஜினிக்கும் கமலுக்கும் கடும் போட்டி. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என் வெற்றி வித்தியாசத்தை விட அதிகம். ஒரு சீட்டில் 'வடை' என்று எழுதியிருந்தது. அது எனக்கு விழுந்ததா அண்ணாச்சிக்கு விழுந்ததா என்று இரண்டு பேராசிரியர்கள் வாதாடிக் கடைசியில் செல்லாது என்று தள்ளினார்கள். எப்படியோ ஜெயித்தேன். தோளில் தூக்கி ஜங்ஷன் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஈரடுக்குப் பாலத்தின் கீழே போக்குவரத்துப் போலீஸ்காரர், "எறங்குலே" என்றார். இறங்கினேன். என் பொதுவாழ்க்கையின் உச்சம் அதோடு முடிந்தது.

பதவிக்கு என்ன வேலை என்பது ஜெயித்த பிறகுதான் தெரிகிறது. விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் போடுவதற்கு மாலையைத் தட்டில் ஏந்தி நிற்கிற ஆள் ஆர்ட்ஸ் ரெப். மாலையைப் போடுகிறவர் சேர்மன். தட்டில் மாலை இல்லாத நேரத்தில் அதில் சோடா இருக்கும். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லலாம். டெஸ்டிங் முடிந்ததும் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும்.

கதவுக்கு மனு எழுதிக்கொண்டு முதல்வரிடம் போனேன். அவர் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மத்தியானம் ஆர்ட்ஸ் பையன்கள் யாராவது கல்லூரியில் இருக்கிறீர்களா?" இல்லாத ஆளுக்கு எதற்குக் கதவு என்பது நிர்வாகத் தரப்பு வாதம். கதவு இல்லாததால்தான் இருக்க முடியவில்லை என்பது என் வாதம். மனு பொருளாளருக்குப் போனது, அங்கிருந்து கமிட்டிக்குப் போனது, கமிட்டியிலிருந்து 'மாணவர் தரப்பின் கருத்து என்ன?' என்று என்னிடமே திரும்பி வந்தது. நான் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கதவு வந்தது. மதுரையிலிருந்து பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்த அன்று காலையில் வந்தது. பச்சைப் பெயின்ட், பித்தளைக் கைப்பிடி. பையன்கள் சும்மாவே உள்ளே போய்ச் சாத்திச் சாத்தித் திறந்து பார்த்தார்கள். குழு சாயங்காலம் ரயில் ஏறியது. மறுநாள் கதவைக் காணோம். விசாரித்ததில், ஆடிட்டோரியத்தில் நாடகக்காரர்கள் வேஷம் கட்டுகிற அறையின் கதவு அது என்று தெரிந்தது. தன் இடத்துக்கே போய்விட்டது. பாட்டுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் சேர்மன் தேர்தலில் சைக்கிள் செயினும் ஹாக்கி மட்டையும் விளையாடின. கொள்கை ஒன்றும் இல்லை, அந்த இரண்டு நோட்டுக்காரர்களும்தான். கல்லூரியை மூடினார்கள். திறந்தபோது தேர்தல் இல்லை. இனிமேல் அதிக மார்க் வாங்கினவர்தான் பிரதிநிதி என்று அறிவிப்பு வந்தது. எனக்குப் பிறகு அந்தத் தட்டை ஏந்தியவன் அருமையான பையன். முதல் ரேங்க். வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாரிடமும் 'கூடாது' என்று சொன்னதில்லை. மானூர்ச் சபை இருந்திருந்தால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கும், போலீஸ்காரர்கூட இறக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

இது எங்கள் கல்லூரியோடு முடிந்த கதை இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் இப்படித்தான் ஒவ்வொன்றாக அணைந்துபோனது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் இறங்கினால் கதை வேறு. அங்கே பையன்கள் எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யூ. என்று கொடி பிடித்து, அடித்துக்கொண்டு, ஓட்டுப் போட்டு, மறுபடி அடித்துக்கொள்வார்கள். 1956 வரைக்கும் செங்கோட்டையும் அந்தப் பக்கத்து ராஜ்யத்தில்தான் இருந்தது. எல்லைக் கோட்டை நகர்த்தினபோது எதையோ அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்று தோன்றும். அந்தக் கேரளத்துச் சண்டைதான் வழக்காகி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பேரில், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து ஓய்வு பெற்ற லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைந்து, 2006-ல் அறிக்கை வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் நீதிமன்றம் அதை நாடு முழுவதும் அமல்படுத்தச் சொன்னது.

லிங்டோ அறிக்கையை நான் உட்கார்ந்து படித்திருக்கிறேன். நல்ல நகைச்சுவை இலக்கியம். ஒரு வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஆச்சி இதைக் கேட்டிருந்தால், ஐயாயிரம் செலவழிக்கிற அளவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்டிருப்பாள். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். நாங்கள் தரித்திரத்தில் செய்ததை உச்ச நீதிமன்றம் தர்மமாக்கிவிட்டது. பிரசாரத்துக்கு ஒலிபெருக்கி, வாகனம், விலங்குகள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. விலங்குகள்! லிங்டோ பெரிய மனுஷர், எங்கேயோ யானையைப் பார்த்துப் பயந்திருக்கிறார். மதிலில் தானாக வந்து தின்கிற மாட்டுக்கு இது பொருந்துமா என்பதற்கு அறிக்கையில் விளக்கம் இல்லை. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். இந்த ஒரு விதி எங்கள் காலத்தில் இருந்திருந்தால் கலைப்புலத்தில் வேட்பாளரே கிடைத்திருக்க மாட்டார், நூலகரைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. பட்டப்படிப்புக்காரருக்கு வயது 17-க்கு மேல் 22-க்குள். நிர்வாகி பதவிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நிற்கலாம். இந்தக் கடைசி விதியைக் கோட்டையிலும் டில்லியிலும் கொண்டுவந்திருந்தால் தமிழ் சினிமாவுக்கும் மேடைப் பேச்சுக்கும் எவ்வளவு ஆட்கள் திரும்பிக் கிடைத்திருப்பார்கள்.

டில்லி ஜே.என்.யு. மாணவர்கள், எங்கள் தேர்தலை நாங்களே காலங்காலமாக நடத்திக்கொள்கிறோம், உங்கள் விதி எதற்கு என்று முறைத்துக்கொண்டார்கள். 2008-ல் அவர்கள் தேர்தலுக்குத் தடை விழுந்தது. 2012 வரைக்கும் நடக்கவில்லை. தண்டம் ஐந்து காசிலிருந்து நாலு வருஷமாக ஏறியிருக்கிறது, விலைவாசி அப்படி.

அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வளாகத்தில் நிலைமை சரியில்லை என்றால், தேர்தலுக்குப் பதில் பிரதிநிதிகளை நியமித்துக்கொள்ளலாம். ஆனால் அது தற்காலிகம்தான், ஐந்து வருஷத்துக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும். 2006-ம் ஐந்தும் எத்தனை என்று கணக்குத் துறையைத்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் 'நிலைமை சரியில்லை' என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டன.

தேர்தல் வைத்தால் சாதி வந்துவிடும் என்பதுதான் எப்போதும் சொல்கிற காரணம். தேர்தல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த நாற்பது பக்க நோட்டு போனதா? பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறாக ஏறிவிட்டது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறு கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்தச் சந்துருவே ஒரு காலத்தில் மாணவர் தலைவர். லயோலாவில் போராட்டம் நடத்தி வெளியேற்றப்பட்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் சாவை விசாரித்த கமிஷன் முன்னால் இவர் வாதாடியதைப் பார்த்துவிட்டு, சட்டம் படியேன் என்று விசாரித்த நீதிபதியே சொன்னாராம். குத்துக்கால் போடுகிறவனைக் கல்லூரியை விட்டு அனுப்பினால் அவன் வீட்டுக்குப் போவதில்லை, ஹைகோர்ட்டுக்குப் போய்விடுகிறான். நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

போன மாசம் தங்கச்சி மகள் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.ஏ. வரலாறு. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

"மாமா, நான்தான் இப்போ கலைப்புலப் பிரதிநிதி" என்றாள்.

எனக்குப் பழைய ரத்தம் சூடாகிவிட்டது. "எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

"ஓட்டெல்லாம் இல்ல மாமா. ஹெச்.ஓ.டி. சொன்னாங்க. வாட்ஸ்அப் குரூப் இருக்கு, சார் அனுப்புற சர்க்குலரை அதுல போடுவேன்."

"சரி, பிள்ளைகள் சொல்றத சார்கிட்ட எப்படிக் கொண்டு போவே?"

"அவங்க எப்படி மாமா சொல்லுவாங்க? அட்மின் மட்டும்தான் குரூப்ல போட முடியும்."

"அட்மின் யாரு?"

"சார்தான்."

"அப்போ நீ எப்படிப் போடுற?"

"என்னையும் அட்மின் ஆக்கியிருக்காங்க. ஏதாவது கேள்வி கேட்டா எடுத்துருவேன்னு சொல்லியிருக்காங்க."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறதாம். தாழ்ப்பாள்தான் இல்லையாம்.